‘விக்கில இருக்கு’ என்பது ஸனதாகுமா?

உயர்தர வகுப்பு மாணவரின் ஒப்படையானாலும் சரி, ஆய்வரங்குக்கு வருகிற கட்டுரையானாலும் சரி, அடிக்குறிப்பில் இன்று அடிக்கடி கண்ணில் படுவது விக்கிப்பீடியா. “இது எங்க எடுத்தது?” என்று கேட்டால், “விக்கில இருக்கு சேர்” என்கிறார்கள். அதோடு கேள்வி முடிந்தது என்று நினைக்கிறாங்க. உண்மையில் கேள்வி அங்கேதான் தொடங்குகிறது.

ஹதீஸ் கலையை அறிந்த சமூகம் நாம். மத்ன் எவ்வளவு அழகாயிருந்தாலும் ஸனதை விசாரிக்காமல் முஹத்திஸ்கள் ஏற்கவில்லை. யார் யாரிடம் கேட்டார், இருவரும் சந்தித்திருக்க முடியுமா, அவர் நினைவாற்றல் எப்படி என்றெல்லாம் தேடினார்கள். ஆளே யாரென்று தெரியாவிட்டால் ‘மஜ்ஹூல்’ என்றார்கள். ஹதீஸையும் கலைக்களஞ்சியத்தையும் ஒரே தராசில் வைக்க முடியாதுதான். ஆனாலும் விசாரிக்கும் அந்தப் பழக்கம் எல்லா அறிவுக்கும் பொது. விக்கியில் எழுதுகிறவர்களில் பலர் புனைபெயருக்குப் பின்னால் இருப்பவர்கள்.

அதற்காக அதைக் குப்பை என்று தள்ளுவதும் நியாயமில்லை. 2005இல் ‘நேச்சர்’ சஞ்சிகை 42 அறிவியல் தலைப்புகளை எடுத்து, பிரிட்டானிக்காவோடு ஒப்பிட்டது. கட்டுரை ஒன்றுக்குச் சராசரியாக விக்கியில் நான்கு பிழைகள், பிரிட்டானிக்காவில் மூன்று. பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் அதே ஆண்டில், கென்னடி சகோதரர்களின் கொலையோடு ஜோன் சீகன்தாலர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளரைத் தொடர்புபடுத்திய பொய்யொன்று, நான்கு மாதங்கள் யாரும் திருத்தாமல் அங்கே கிடந்தது. பலர் பார்க்கும் பக்கம் திருந்துகிறது. பார்ப்பார் இல்லாத பக்கத்தில் பிழை குடியிருக்கிறது. நம் புலவர்களையும் நம் ஊர்களையும் பற்றிய பக்கங்களை எத்தனை பேர் பார்க்கிறோம்?

இன்னொரு ஆபத்தும் உண்டு. 2008இல் அமெரிக்க மாணவர் ஒருவர், கோட்டி என்ற விலங்குக்குப் ‘பிரேசில் ஆர்ட்வார்க்’ என்ற பெயரும் உண்டென்று விளையாட்டாகச் சேர்த்துவிட்டார். பத்திரிகைகள் அதை எடுத்து எழுதின. பிறகு அந்தப் பத்திரிகையே விக்கிக்கு ஆதாரமானது. ஸனத் வட்டமடித்து, புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டது!

நம் இலக்கியத்திலிருந்தே ஒன்று பார்ப்போம். சித்திலெப்பையின் ‘அஸன்பேயுடைய கதை’ 1885இல் வெளிவந்தது. ஈழத்தின் முதல் தமிழ் நாவல் என்று சொல்லப்படுகிறது. மாணவர் அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறார். நாயகன் எகிப்தைச் சேர்ந்தவனாயிற்றே, இலங்கையில் நடக்காத கதையை எந்த அளவுகோலால் ஈழத்து நாவல் என்கிறோம் என்ற கேள்வி அவருக்கு எழுவதேயில்லை. தகவல் சரியாக இருந்தும் திறனாய்வு செத்துப்போகிறது. பிழையான தகவலைவிட இதுதான் எனக்குக் கவலை.

அப்படியென்றால் செய்ய வேண்டியது என்ன? விக்கியை வாசலாக வைத்துக்கொள்ளலாம், அதையே வீடாக்கிக்கொள்ளக் கூடாது. கட்டுரையின் அடிக்குறிப்பைப் பார்க்க வேண்டும். ‘வரலாறு’, ‘உரையாடல்’ பக்கங்களைத் திறந்தால் யார் எப்போது எதை மாற்றினார், எதில் தகராறு என்பது தெரியும். அச்சுக் கலைக்களஞ்சியத்தில் கிடைக்காத வசதி அது. பிறகு மூலநூலுக்குப் போய், அந்த நூலையே மேற்கோள் காட்ட வேண்டும். நூலகம் எண்ணிம நூலகத்தில் ஈழத்து நூல்களும் சஞ்சிகைகளும் இலவசமாகவே கிடைக்கின்றன. “புத்தகம் கிடைக்கல்ல” என்ற சாக்கு முன்போல் இனிச் செல்லாது.

நம் பங்கும் ஒன்றிருக்கிறது. வெளியிடப்பட்ட ஆதாரம் இல்லாததை ஏற்பது விக்கியின் கொள்கை அல்ல. முஸ்லிம்களின் தமிழ்ப் பங்களிப்பைப் பற்றி உவைஸ் ஆய்வு செய்து, அது 1953இல் நூலாகவும் வந்ததால்தான் நம்மைப் பற்றிச் சுட்டிக்காட்ட ஏதோ இருக்கிறது. மூத்தவர்களின் வாயில் மட்டும் இருக்கும் கவிகளும் கிஸ்ஸாக்களும் அவர்களோடு மண்ணுக்குள் போய்விட்டால், நாளைய மாணவன் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் நாம் அங்கே இருக்கமாட்டோம். பிழையைக் கண்டால் திருத்துவோம்; ஆதாரம் இல்லாத இடத்தில் ஆதாரத்தை எழுதி அச்சேற்றுவோம்.