எத்தனை புள்ளி ஒத்தால் ஒரே ரேகை?

1897. வங்காளத்தின் ஜல்பாய்குரியில் தேயிலைத் தோட்ட மேலாளர் ஒருவர் படுக்கையில் கழுத்தறுபட்டுக் கிடந்தார். பணப்பெட்டியில் கிடந்த வங்காளப் பஞ்சாங்கத்தின் அட்டையில் பழுப்பாக இரண்டு கறை. ஒன்றில் கட்டைவிரல் ரேகை தெளிவாகப் பதிந்திருந்தது. கல்கத்தாவில் அப்போதுதான் தொடங்கியிருந்த ரேகைக்கூடத்தில், முன்பு தண்டனை பெற்ற ஒரு பழைய வேலைக்காரரின் வலக் கட்டைவிரலோடு அது பொருந்தியது. நீதிமன்றமோ திருட்டுக்குத் தண்டித்து, கொலைக்கு விடுவித்தது. யாரும் பார்க்காத கொலையை ஒரு கறையை நம்பித் தீர்க்க அவர்களுக்கு மனம் வரவில்லை. அந்தத் தயக்கம் எனக்குத் தவறாகப் படவில்லை.

அந்தக் கூடத்தின் முறைக்கு இன்றும் ஹென்றி முறை என்றே பெயர். கணக்கைப் போட்டவர்களில் முதன்மையானவர் அஜிஜுல் ஹக். ஹேமசந்திர போஸுக்கும் அதில் பங்குண்டு. பத்து விரலையும் ஐந்து இணையாக்கி, சுழி உள்ள விரலுக்கு 16, 8, 4, 2, 1 என்று இணைக்கேற்ப மதிப்பிட்டார்கள். இணைக்கு ஒரு விரலாக இரண்டு கூட்டல், ஒவ்வொன்றோடும் 1. ஆக 32க்கு 32, மொத்தம் 1024 அறைகள். கிடைத்த சீட்டை எந்த அறையில் தேடுவது என்பதை இரண்டு எண்ணே சொல்லிவிடும். 1901இல் ஸ்காட்லாந்து யார்டும் இதையே எடுத்துக்கொண்டது. பெயர் மட்டும் காவல் தலைவர் எட்வர்ட் ஹென்றிக்குப் போனது.

இதற்கும் முன்னால், 1858இல், வங்காளத்தின் ஜங்கிப்பூரில் ஆங்கிலேய அதிகாரி வில்லியம் ஹெர்ஷல் ஓர் ஒப்பந்தக்காரரின் உள்ளங்கையை மையில் தோய்த்துப் பத்திரத்தின் பின்னால் பதித்துக்கொண்டார். ‘இது என் கையெழுத்தே இல்லை’ என்று பின்னாளில் மறுக்கக் கூடாதே என்பதுதான் எண்ணம். படிக்காதவன் என்று ஏசுவதற்கு நாம் சொல்லும் ‘கைநாட்டு’, கையெழுத்தைவிட உறுதியான சாட்சியானது இப்படித்தான்.

அர்ஜென்டினாவில் ஹுவான் வுசெட்டிச் வேறு வகைப்பாடு வகுத்தார். லத்தீன் அமெரிக்கா அவர் வழி நடந்தது. பாரிசில் பெர்டியோன் குற்றவாளிகளை அடையாளம் காண உடல் உறுப்புகளை அளந்துகொண்டிருந்தார்.

அடுக்கும் முறைகள் வேறுபட்டதால் கேடில்லை. சிக்கல் ஒப்பிடுவதில்தான். ரேகைக் கோடு முடியும் இடம், கிளைக்கும் இடம் எல்லாம் புள்ளிகள். எத்தனை ஒத்தால் ஒரே ஆள்? லியோனின் எட்மண்ட் லொக்கார் 12க்கு மேல் தெளிவாக ஒத்தால் ஐயமில்லை என்றார். இங்கிலாந்து 1924இல் 16 என்று வைத்தது. வெவ்வேறு ஆட்களின் ரேகைகள் ஒத்திருப்பதாகக் காட்டிப் பெர்டியோன் வெளியிட்ட சில படங்களைக் கண்டு மிரண்டு வைத்த எண் அது என்றும், அப்படங்களிலேயே ஒவ்வாத பகுதிகள் வெட்டப்பட்டிருந்தன என்றும் பின்னாளில் ஆராய்ந்தவர்கள் சொன்னார்கள். குறைந்தபட்ச எண் எதற்கும் அறிவியல் அடிப்படை இல்லை என்று 1973இலேயே சர்வதேச அடையாள நிபுணர் சங்கம் அறிவித்தது. இங்கிலாந்து 2001இல்தான் 16ஐக் கைவிட்டது.

எண் போனபின் நிபுணரின் கண்ணே அளவுகோல். 2004 மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்பில், டெட்டனேட்டர்கள் இருந்த பிளாஸ்டிக் பையில் கிடைத்த ரேகை ஓர் அமெரிக்க வழக்கறிஞருடையது என்று எஃப்பிஐயின் மூன்று நிபுணர்கள் ஒப்பினார்கள். ஸ்பெயின் போலீஸ் ஏற்கவில்லை. மே 19 அன்று அமெரிக்க நீதிமன்றம் அமர்த்திய தனி நிபுணரும் ‘ஆம், அவருடையதுதான்’ என்றார். ரேகைக்கு உரியவர் ஓர் அல்ஜீரியர் என்று ஸ்பெயினிலிருந்து செய்தி வந்ததும் அதே நாளில்தான்.