பனிநாள் கணக்கு

கொலராடோ மலைகளில் பனிச்சறுக்குக்குப் போகிறவர்கள் பலர், அந்தப் பருவத்தில் எத்தனை நாள் சறுக்கினோம் என்று குறித்து வைக்கிறார்கள். இதை எண்ணிக்கை மோகம் என்று தள்ளிவிட முடியாது. மோகமென்றால் எண்ணோடு நின்றிருக்கும். நல்ல குறிப்பேட்டில் எண்ணுக்குப் பக்கத்திலேயே பனியின் குணமும் இருக்கும்: முழங்காலளவு மாவாய்ப் பறந்த பனி, அப்பளம்போல் நொறுங்கிய மேலோடு, வசந்த வெயிலில் இளகிக் குருணையாய் உருண்ட பனி. கணக்குக்காக ஒரே ஒரு தடவை இறங்கிவிட்டு நாளைச் சேர்த்துக்கொள்பவர்கள் உண்டே என்பார்கள். உண்டுதான். ஆனால் இறுகிய பனியில் பலகையின் விளிம்பு கரகரவென்று கீறும் ஓசைக்குக் காது பழகுவது அப்படிப்பட்ட சுமாரான நாள்களில்தான். கொலராடோவைச் சேர்ந்த பனிச்சறுக்காளர் ரெய்னர் ஹெர்ட்ரிச் 2003 நவம்பர் முதல் 2012 ஜனவரி வரை ஒருநாளும் விடாமல் 2,993 நாள் சறுக்கினார். அத்தனையும் பஞ்சுப் பனியாக இருந்திருக்காது. கணக்கு வைத்திருப்பவரைப் பார்த்தால் மொத்தத்தை மட்டும் கேட்காதீர்கள், பன்னிரண்டாம் நாள் பனி எப்படியிருந்தது என்றும் கேளுங்கள்.