ஆட்டத்துக்கு முதல் நாள்

ஜேம்ஸ் தர்பரும் எலியட் நுஜென்ட்டும் சேர்ந்து எழுதிய 'தி மேல் அனிமல்' என்ற நாடகத்தை ஹாஸ்ய நாடகம் என்று சொல்லி அலமாரியில் வைத்துவிடுவது வழக்கம். 'ஆண் பிராணி' என்று அந்தப் பெயரைத் தமிழில் சொல்லலாம். ஹாஸ்ய நாடகந்தான், சந்தேகமில்லை. ஆனால் சமீபத்தில் அதை மறுபடி படித்தபோது, சிரித்து முடித்த பிறகும் ஏதோ ஒன்று மனசில் உறுத்திக்கொண்டே இருந்தது. அது என்ன என்று யோசித்துப் பார்த்ததை இங்கே எழுதுகிறேன்.

1940 ஜனவரியில் நியூயார்க்கில் பிராட்வேயில் அரங்கேறிய நாடகம் அது. கதை நடக்கும் இடம் மிட்வெஸ்டர்ன் என்ற கற்பனைப் பல்கலைக்கழகம். கற்பனை என்பது பெயரளவுக்குத்தான். ஓஹையோ மாகாணத்தில் கொலம்பஸ் நகரத்து ஓஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள் ஆசிரியர்கள் இருவரும். அந்த ஊர்க் காற்று நாடகம் முழுவதும் அடிக்கிறது. டாமி டர்னர் என்ற இங்கிலீஷ் வாத்தியார் வீட்டுக் கூடத்தில் திரை உயர்கிறது. மறுநாள் மிச்சிகனோடு கால்பந்து ஆட்டம். ஊரே ஜுரம் கண்டு கிடக்கிறது. பத்துப் பதினைந்து வருஷங்களுக்கு முன் கல்லூரியின் பெருமையாக விளங்கிய ஆட்டக்காரன் ஜோ பெர்குஸன் ஆட்டம் பார்க்க வந்திருக்கிறான். வாத்தியாரின் மனைவி எல்லெனுக்கு அவன் ஒரு காலத்தில் ரொம்ப வேண்டியவன். கூடவே எட் கெல்லர் வருகிறார். பல்கலைக்கழகத்து டிரஸ்டி; பணக்காரர்; உரத்த குரல்; கால்பந்துப் பைத்தியம்.

கால்பந்து என்றதும் நாம் நினைக்கிற ஆட்டம் அல்ல அது. காலால் உதைப்பது கொஞ்சம்; பந்தை அணைத்துக்கொண்டு ஓடுவதும், கையால் எறிவதும், வருகிறவனை மோதிக் கீழே சாய்ப்பதுமே அதிகம். இந்த ஓஹையோ-மிச்சிகன் சண்டைக்கோ ஆட்டத்தைவிட வயசு ஜாஸ்தி. 1835ல் டொலிடோ என்ற ஊரும் அதைச் சுற்றிய நிலமும் யாருக்குச் சொந்தம் என்று இரண்டு பக்கமும் பட்டாளம் திரட்டிக்கொண்டு நின்றன. ஓஹையோவுக்கு டொலிடோ, மிச்சிகனுக்கு வடக்கே ஒரு தீபகற்பம் என்று கடைசியில் பைசல் ஆயிற்று. 1897ல் இரு கல்லூரிகளும் முதன்முதலாக மோதின. மிச்சிகன் 34, ஓஹையோ பூஜ்யம். ஓஹையோ முதல் வெற்றியைக் காண 1919 வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது. தர்பர் அங்கே மாணவராக இருந்தது 1913லிருந்து 1918 வரை. அதாவது, மிச்சிகனை ஒரு தரமாவது ஜெயிக்கமாட்டோமா என்று ஊர் ஏங்கிய காலம். அந்த முதல் வெற்றியைத் தேடித் தந்த சிக் ஹார்லி, தர்பர் படித்த அதே உயர்நிலைப் பள்ளியில் படித்தவர். ஜோ பெர்குஸனைப் போன்ற ஒரு வீரனை ஊர் எப்படிக் கொண்டாடும் என்று தர்பருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆட்டத்துக்கு முதல் நாள் பேச்சு இருக்கிறதே, அது தனி ரகம். இரு கட்சிக்காரர்களும் எதிரும் புதிருமாக உட்கார்ந்து பேசினால் அதில் இல்லாத ரஸம் இல்லை. மிச்சிகன்காரர் 1897லிருந்து எண்ண ஆரம்பிப்பார். மொத்தக் கணக்கில் அவர்கள்தான் முந்தி நிற்கிறார்கள். ஓஹையோக்காரர் அதைக் கேட்டுக்கொண்டு இருப்பாரா? "பாட்டன் காலத்துக் கதை எதற்கு?" என்று சொல்லி 2004லிருந்து தொடங்குவார். அந்த வருஷத்திலிருந்து 2019 வரை, 2011 ஒன்று நீங்கலாக, களத்தில் வென்றதெல்லாம் ஓஹையோ. உடனே மிச்சிகன்காரர் 2021க்குத் தாவுவார். அதிலிருந்து 2024 வரை நாலு தடவையும் அவர்கள் கை. அதிலும் அந்த 2024 ஆட்டம் வாதத்துக்கென்றே நடந்தது போல இருக்கிறது. மிச்சிகன் 13க்கு 10 என்று ஜெயித்தது. ஆனால் அதே பருவத்தின் முடிவில் தேசத்தின் சாம்பியன் பட்டம் தோற்ற ஓஹையோவுக்குப் போயிற்று. "பட்டம் வாங்கியவனை அடித்தவன் பெரியவனா, அடிபட்டும் பட்டம் வாங்கியவன் பெரியவனா?" இதற்கு எந்த நீதிபதி தீர்ப்புச் சொல்ல முடியும்? எந்த வருஷத்திலிருந்து கணக்கை ஆரம்பிப்பது என்பதில்தான் வாதத்தின் உயிரே இருக்கிறது.

1973ல் நடந்தது இன்னும் விசேஷம். இரண்டு கட்சியும் அந்த வருஷம் தோல்வியே காணாமல் வந்து மோதி, 10க்கு 10 என்று சமமாக நின்றுவிட்டன. கலிபோர்னியாவில் நடக்கும் ரோஸ் பௌல் ஆட்டத்துக்கு ஒருவரைத்தான் அனுப்ப முடியும். அந்த வட்டாரத்துப் பத்துக் கல்லூரிகளின் விளையாட்டு நிர்வாகிகள் வாக்களித்து ஓஹையோவை அனுப்பினார்கள். மைதானத்தில் தீராத வழக்கு ஓட்டுச் சீட்டில் தீர்ந்ததா என்றால், இல்லை. மிச்சிகன் பக்கத்தில் அந்தக் காயம் ஆறவே இல்லை. 1996லிருந்து பெரிய கல்லூரிகளின் ஆட்டங்களில் சமம் என்பதே கிடையாது. கூடுதல் ஆட்டம் வைத்து யாராவது ஒருவர் ஜெயிக்கும்வரை விடுவதில்லை. நியாயமான ஏற்பாடுதான். ஆனால் வாதப் பிரியர்களுக்கு நஷ்டம்.

இவ்வளவையும் எதற்குச் சொல்கிறேன் என்றால், இந்தப் பேச்சுக்கு இரண்டு பேர் வேண்டும். எதிராளி இல்லாவிட்டால் பேச்சே இல்லை. எதிராளியைத் திட்டுகிறவனுக்கும் அவன் எழுந்து போய்விடக்கூடாது என்ற கவலை உள்ளூர இருக்கும். ஓஹையோ மாணவர்கள் மிச்சிகன் ஆட்டம் வரும் வாரத்தில், கல்லூரிப் பலகைகளில் உள்ள 'எம்' என்ற எழுத்தின்மேல் சிவப்புப் பட்டை ஒட்டி அடித்துவிடுகிறார்கள். மிச்சிகன் என்ற பெயரை வாயால் சொல்லாமல் 'வடக்கே இருக்கிற அந்தக் கட்சி' என்பார்கள். சில வீடுகளில் புருஷன் பெயரைச் சொல்லாத பெண்களின் நினைவு எனக்கு வந்தது. சொல்லாமல் விடுவதிலும் ஒரு நெருக்கம் இருக்கத்தான் செய்கிறது. ஆட்டம் முடிந்ததும் பட்டையைக் கிழித்துவிடலாம். எழுத்து அங்கேயேதான் இருக்கும்.

இப்போது டர்னர் வீட்டுக் கூடத்துக்கு வருவோம். அங்கே நடக்கும் கால்பந்துப் பேச்சு எப்படி இருக்கிறது? தட்டுகளையும் கிண்ணங்களையும் பரப்பி ஒரு ஆட்ட உத்தியை ஜோ விளக்குகிற கட்டம் பிரமாதமான ஹாஸ்யம். கெல்லரின் கூச்சல் இன்னொரு ரகம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மிச்சிகனுக்காக வாதாட மேடையில் ஒருவர் இல்லை. எல்லோரும் ஒரே கட்சி. ஒருவர் சொல்வதை அடுத்தவர் இன்னும் கொஞ்சம் உரக்கச் சொல்கிறார், அவ்வளவுதான். முதல் தடவை படித்தபோது இதை ஒரு குறை என்று நினைத்தேன். எதிர்க்கட்சிக்காரன் ஒருவனை உள்ளே விட்டிருந்தால் சம்பாஷணை இன்னும் சூடு பிடித்திருக்குமே என்று எழுத்தாளனுக்கு உரிய பேராசை. இப்போது அப்படி நினைக்கவில்லை. அந்தக் கூடத்தில் எதிர்க்கட்சி இருக்கத்தான் செய்கிறது. அது மிச்சிகன் அல்ல.

டாமி டர்னர் தன் வகுப்பில் ஒரு கடிதத்தை வாசிக்கப் போகிறான். லிங்கன் போன்றவர்களின் எழுத்தோடு வான்ஸெட்டியின் கடிதத்தையும் சேர்த்து வாசிப்பது அவன் திட்டம். வான்ஸெட்டி இத்தாலியிலிருந்து வந்து மீன் விற்றுப் பிழைத்தவர், அராஜகவாதி. கொலைக் குற்றம் சாட்டி, சாக்கோ என்பவரோடு அவரை 1927ல் மாஸசூஸெட்ஸில் மின்சார நாற்காலியில் வைத்துக் கொன்றார்கள். விசாரணை நியாயமாக நடக்கவில்லை என்று உலகமெங்கும் கூக்குரல் எழுந்தது. டர்னருக்கு அந்த அரசியலில் அக்கறை இல்லை. இங்கிலீஷைத் தாய்மொழியாகக் கொள்ளாத ஒருவன் எவ்வளவு நன்றாக எழுதிவிட்டான் என்று மாணவர்களுக்குக் காட்டவேண்டும், அவ்வளவே. மைக்கேல் பார்ன்ஸ் என்ற மாணவன் கல்லூரிப் பத்திரிகையில் இதை எழுதி, டிரஸ்டிகளையும் கடுமையாகத் தாக்கிவிடுகிறான். கெல்லர் கொதித்து எழுகிறார். வாசித்தால் வேலை போய்விடும்.

மிச்சிகனைப் பற்றி வாய்க்கு வந்தபடி பேசலாம், கேட்கலாம், கூச்சல் போடலாம்; ஒரு செத்த மனிதன் எழுதிய சில வரிகளை மட்டும் வாசிக்கக்கூடாது. இந்த வித்தியாசத்தை நாடகம் உபதேசமாகச் சொல்லவில்லை. பந்துப் பேச்சையும் கடிதப் பேச்சையும் ஒரே கூடத்தில், ஒரே சாயங்காலத்தில் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. கெல்லரை வில்லனாகவும் ஆக்கவில்லை. அவர் நல்ல மனிதர். கல்லூரியை உயிராக நேசிக்கிறவர். நேசம்தான் ஆபத்து. தன் கட்சி ஜெயிக்கவேண்டும் என்று மைதானத்தில் கத்துகிறவர், அதே தொண்டையோடு வகுப்பறைக்குள்ளும் வந்துவிடுகிறார். மைதானத்தில் எதிர்க்கட்சி வராவிட்டால் ஆட்டமே கிடையாது என்று அவருக்குத் தெரியும். வகுப்பறைக்கும் அந்த விதி உண்டு என்பது தெரியவில்லை.

குறை சொல்ல இடம் இல்லாமல் இல்லை. இரண்டாம் அங்கத்தில் டாமி குடித்துவிட்டு, புலியும் ஓநாயும் தம் பெண்ணுக்காகப் போராடுவது போல நானும் போராடுவேன் என்று பெரிய பிரசங்கம் செய்து, ஜோவோடு சண்டைக்குப் போய் அடிபட்டு விழுகிறான். கொட்டகை அதிரச் சிரித்திருக்கும். ஆனால் மனைவியை மீட்பதும் கடிதத்தை வாசிப்பதும் ஒரே வீரம் என்று ஆக்கியதில் கடிதம் சிறுத்துவிட்டது. மனைவிமேல் சந்தேகம் வந்திராவிட்டால் டாமி அதை வாசித்திருப்பானா என்ற கேள்விக்கு நாடகம் திருப்தியான பதில் சொல்லவில்லை. நாடகத்தின் பெயரே அந்தத் தப்பான பக்கத்தில் சாய்ந்து நிற்கிறது. 1942ல் நுஜென்ட்டே இயக்கிய படத்தில், நிறைந்த மண்டபத்தில் ஹென்றி பாண்டா அந்தக் கடிதத்தைக் குரலை உயர்த்தாமல் வாசிக்கும்போதுதான் கடிதம் தன் உயரத்துக்கு எழுந்து நிற்கிறது.

எழுதியவர்களுக்கே சோதனை பிறகு வந்தது. 1951ல் ஓஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் டிரஸ்டிகள், வெளியிலிருந்து வந்து பேசுகிறவர்கள் எல்லோரையும் முன்கூட்டி அங்கீகரிக்க வேண்டும் என்று ஒரு தடை கொண்டுவந்தார்கள். கெல்லர் மேடையிலிருந்து இறங்கி நிஜ நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார் என்றே சொல்லலாம். அதே வருஷம் பல்கலைக்கழகம் தர்பருக்குக் கௌரவப் பட்டம் தர முன்வந்தது. பட்டம் வாங்காமலே படிப்பை விட்டவர் அவர். தாம் அவ்வளவு ஆசையோடு எழுதிய ஊர் கூப்பிட்டுத் தருகிற பட்டம். தடையைக் காரணம் காட்டி வேண்டாம் என்று மறுத்துவிட்டார். 1961ல் அவர் இறந்து, பல வருஷம் கழித்து 1995லேதான் அந்தப் பட்டம் அவர் பெயருக்கு வந்து சேர்ந்தது. டாமி விஷயத்தில் நாடகம் பதில் சொல்லாமல் விட்ட கேள்விக்கு ஆசிரியர் தம் வாழ்க்கையில் பதில் சொல்லிவிட்டார் என்று எனக்குப் படுகிறது. அங்கே குடியும் இல்லை, பொறாமையும் இல்லை. வெறும் ஒரு மறுப்புக் கடிதம்.

1952ல் இரண்டு காரியங்கள் நடந்தன. நியூயார்க்கில் நாடகத்தை மறுபடி மேடையேற்றினார்கள். முதல் தடவையைவிட அதிக நாள் ஓடியது. ஹாலிவுட்டில் அதே கதையைப் பாட்டும் நடனமுமாக மாற்றி இன்னொரு படம் எடுத்தார்கள். பிற்காலத்தில் ஜனாதிபதியான ரொனால்ட் ரீகன்தான் அதில் வாத்தியார். கேளிக்கைக் கொட்டகையில் ஆடிய பெண் ஒருத்தி கல்லூரியில் படிக்கலாமா கூடாதா என்பது அதில் பிரச்னை. வான்ஸெட்டியின் கடிதம் காணோம். பலகையில் ஒட்டிய சிவப்புப் பட்டையையாவது ஞாயிற்றுக்கிழமை கிழித்துவிடலாம். இது சத்தமில்லாமல் எழுத்தையே எடுத்துவிட்ட வேலை.

எழுத்தாளர்களான நாங்களும் வாசகர்களான நீங்களும் கெல்லரைப் பார்த்துச் சிரிக்கும்போது கொஞ்சம் ஜாக்கிரதையாகவே சிரிக்கவேண்டும். எனக்குப் பிடித்த நாவலாசிரியருக்காக நான் எண்ணும் கணக்கும் எனக்கு வசதியான வருஷத்திலிருந்துதான் ஆரம்பிக்கிறது. அதில் தப்பில்லை, ரஸனை என்றாலே கொஞ்சம் கட்சிதான். எதிரே உட்கார்ந்திருப்பவர் தம் வருஷத்திலிருந்து எண்ணத் தொடங்கும்போது, அவர் எண்ணி முடிக்கும்வரை நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேனா என்பதுதான் கேள்வி. சில நாட்களில் உட்கார்ந்திருக்கிறேன். எழுந்து போன நாட்களும் உண்டு.