தபசுப் பூனையும் மன்னார் அண்ட் கம்பெனியும்

கே.ஏ. தங்கவேலு காலமானது 1994 செப்டம்பர் 28. முப்பது வருஷத்துக்கு மேல் ஆயிடுச்சு. இன்னும் அவரை நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள், நிறையவே இருக்கிறார்கள். என் குறை அவர்கள் நினைக்கும் விதத்தைப் பற்றியது.

தங்கவேலு பேச்சு வந்தால் பெரும்பாலும் இரண்டு வாக்கியம் வந்து விழும். ஒன்று, "என்.எஸ். கிருஷ்ணன், தங்கவேலு, சந்திரபாபு, நாகேஷ்" என்கிற வரிசை. ரேஷன் கடை க்யூ மாதிரி, யாருக்குப் பின்னால் யார் நிற்கிறார் என்று மட்டும் தெரியும். இரண்டாவது, "ஆபாசம் இல்லாத, இரட்டை அர்த்தம் இல்லாத, குடும்பத்தோட உட்கார்ந்து பார்க்கிற காமெடி." இது பாராட்டா, நன்னடத்தைச் சான்றிதழா? ஒரு சமையல்காரர் செத்துப்போனால் "அவர் சாப்பாட்டுல கல்லு இருக்காது" என்று சொல்லி அனுப்பி வைப்போமா? அவர் என்ன செய்யவில்லை என்பதையே முப்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். என்ன செய்தார் என்பது அப்படியே கிடக்கிறது.

என்ன செய்தார் என்று சுருக்கமாகச் சொன்னால்: பொய் சொன்னார். முகத்தில் ஒரு கோடு மாறாமல் சொன்னார்.

கல்யாண பரிசு (1959) பைரவனை எடுத்துக்கொள்ளுங்கள். வேலை வெட்டி கிடையாது. வீட்டில் கேட்டால் மன்னார் அண்ட் கம்பெனியில் மேனேஜர். அதுவும் போதாமல், பைரவன் என்ற பெயரில் எழுதும் எழுத்தாளரே தான்தான் என்று மனைவியை நம்ப வைக்கிறார். இதை வேறு ஒரு நடிகரிடம் கொடுத்திருந்தால், மனைவி அந்தப் பக்கம் திரும்பியதும் நம்மைப் பார்த்து ஒரு கண் அடித்திருப்பார். 'பாத்தீங்களா, எப்படி சமாளிச்சேன்' என்று ஒரு பெருமூச்சாவது விட்டிருப்பார். தங்கவேலு அதைச் செய்வதில்லை. நம்மிடமும் அவர் மேனேஜர்தான். பொய் என்று தெரிந்த ஆள் தியேட்டரிலேயே நாம் மட்டும்தான் என்கிற மாதிரி விட்டுவிடுகிறார். அதனால்தான் அடக்க முடியாமல் சிரிக்கிறோம். கூட்டாளி இல்லாத சிரிப்பு அது.

இதுக்கு எங்க பக்கம் ஒரு நல்ல சொல் இருக்கு: ஊமைக்குசும்பு.

எங்க பக்கம் என்று சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. கல்யாண பரிசு இயக்கிய ஸ்ரீதர் மதுராந்தகம் பக்கத்துச் சித்தாமூர்க்காரர், படித்தது செங்கல்பட்டில். அவருக்கு நகைச்சுவை எழுதிக் கொடுத்த கோபு, பின்னாளில் சித்ராலயா கோபு, செங்கல்பட்டில் கூடப் படித்த சிநேகிதர். கல்யாண பரிசின் நகைச்சுவைப் பகுதியில் அவர் கை உண்டு. ஐந்து வருஷம் கழித்து வந்த காதலிக்க நேரமில்லையும் இந்த இரண்டு பேர் கூட்டணிதான். செங்கல்பட்டு ரயில் நிலையத்தில் இறங்கினால் கொளவாய் ஏரியைக் காட்டுவார்கள், கோட்டை இருந்த இடத்தைக் காட்டுவார்கள். தமிழ் சினிமா நகைச்சுவையில் பாதி இந்தப் பிளாட்பாரத்திலிருந்து ரயில் ஏறிப் போனது என்று யாரும் சொல்வதில்லை. பாதி என்பது ஊர்ப் பெருமை. கால் வாசி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இது தெரிந்தபின் 'மன்னார் அண்ட் கம்பெனி' என்ற பெயர் எனக்கு வேறு மாதிரி கேட்க ஆரம்பித்தது. அந்தக் காலத்தில் மெட்ராஸில் வேலை என்றால் பாரி, பின்னி, ஸ்பென்சர். வெள்ளைக்காரன் பெயர், பின்னால் ஒரு 'அண்ட் கம்பெனி'. அதில் இடம் கிடைத்தால் கல்யாணச் சந்தையில் ஒரு விலை. மன்னாரோ நம்ம ஊர்ச்சாமி. தொண்டை நாட்டில் பச்சையம்மன் கோயில் எங்கிருந்தாலும் கூடவே மன்னார்சாமி இருப்பார். பிள்ளைக்கு அந்தப் பெயர் வைப்பது இங்கே சர்வசாதாரணம். ஏரிக்கரைச் சாமி பெயரோடு பாரிமுனை வாலை ஒட்டினால் கிடைப்பது மன்னார் அண்ட் கம்பெனி. எழுதியவர்கள் இதை நினைத்துத்தான் வைத்தார்கள் என்று நான் வாதாடவில்லை. ஆனால் இந்த மாவட்டத்தில் வளர்ந்த காதுக்கு அந்த ஒட்டு உடனே கேட்கும். கேட்டுவிட்டு, இப்படி ஒரு கம்பெனி இருக்க முடியாது என்றும் தெரிந்துவிடும். பைரவனின் மனைவிக்கு மட்டும் தெரியாது.

என் பெரியப்பா ஒருத்தர் இருந்தார். வேலை பார்த்த இடத்தை மூடிவிட்டார்கள். ஏழெட்டு மாசம் தினமும் காலையில் குளித்து, சட்டை போட்டு, சாப்பாட்டு டப்பாவோடு கிளம்புவார். "எங்க கிளம்பிட்டீங்க?" என்று பெரியம்மா கேட்டால், "மன்னார் அண்ட் கம்பெனிக்கு." முகத்தில் ஒன்றும் இருக்காது. பெரியம்மாவுக்குச் சிரிப்பும் வராது, திருப்பிக் கேட்கவும் முடியாது. தங்கவேலுவை இவ்வளவு சரியாகப் பிடித்த வேறு ரசிகரை நான் பார்த்ததில்லை. 'குடும்பத்தோட பார்க்கிற காமெடி' என்ற சொல்லுக்கு எனக்குத் தெரிந்த ஒரே பொருள் இதுதான்.

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக பஸ் பிடித்தால் மாமல்லபுரம் சுமார் 30 கிலோமீட்டர். அர்ஜுனன் தபசுக்கு முன்னால் போய் நில்லுங்கள். அர்ஜுனனா பகீரதனா என்ற சண்டை இன்னும் தீரவில்லை, அது நமக்கு இப்போது வேண்டாம். நடுவில் பாறைப் பிளவு. அதற்கு இடது பக்கம் மேலே ஒற்றைக்காலில், கையைத் தலைக்கு மேல் தூக்கி, விலா எலும்பு தெரிய நிற்கும் தபசி. இப்போது வலது பக்கம், பெரிய யானைக்குக் கீழே பாருங்கள். ஒரு பூனை பின்னங்காலில் எழுந்து, முன்னங்கால் இரண்டையும் அதே மாதிரி தூக்கிக்கொண்டு நிற்கிறது. அதுக்கும் விலா எலும்பு. சுற்றிலும் எலிகள்.

கதை மகாபாரதத்தில், உத்தியோக பருவத்தில் வருகிறது. கங்கைக் கரையில் தவம் செய்வதாகப் பாசாங்கு செய்து, எலிகளை நம்ப வைத்து, ஒன்றொன்றாகத் தின்ற பூனை. துரியோதனன் தூது அனுப்பும்போது தருமனைக் குத்திக்காட்ட இந்தக் கதையைச் சொல்லி அனுப்புகிறான். கதை பழசு, பலருக்கும் தெரியும். எனக்கு ஆச்சரியம் அந்தப் பூனையைச் செதுக்கிய ஆள்தான். ஏழாம் நூற்றாண்டுக்காரர். பூனை முகத்தில் ஒரு கள்ளச் சிரிப்பு வைத்திருக்கலாம், ஓரக்கண்ணால் எலியைப் பார்க்க விட்டிருக்கலாம். செய்யவில்லை. மேலே இருக்கும் தபசிக்குக் காட்டிய அதே சிரத்தையைப் பூனைக்கும் காட்டியிருக்கிறார். பூனை உண்மையாகவே தவத்தில் இருக்கிறது. சிரிப்பதும் பயப்படுவதும் நம்ம பாடு. வழிகாட்டிகள் அங்கே வந்ததும் தாங்களே முதலில் சிரித்துவிட்டு அப்புறம் பூனையைக் காட்டுகிறார்கள். கூட்டமும் பதிலுக்குச் சிரிக்கிறது. தங்கவேலு வசனத்தைச் சொல்லிக் காட்டுகிறவர்கள் பெரும்பாலானவர்களும் இதையேதான் செய்கிறார்கள்.

முகத்தை அசைக்காமல் சிரிக்க வைத்தவர் என்றால் உலகத்துக்கு பஸ்டர் கீட்டன் ஞாபகம் வரும். 1966-ல் இறந்தவர். கல் முகக்காரர் என்றே பட்டப்பெயர். ஆனால் கீட்டனுக்கு முகம்தான் கல், உடம்பு புயல். ஓடுவார், விழுவார், வீடே மேலே வந்து சாயும். தங்கவேலுவுக்கு உடம்பும் ஓடாது. எல்லாம் குரலில் இருக்கிறது. கொஞ்சம் இழுத்த, மூக்கில் தொட்ட, எதுக்கும் அவசரப்படாத குரல். காரைக்காலில், அது பிரெஞ்சுக்காரன் ஊராக இருந்தபோது 1917-ல் பிறந்து, சின்ன வயசிலேயே நாடகக் கம்பெனியில் சேர்ந்தவர். மைக் இல்லாத மேடையில் கடைசி வரிசைக்குக் கேட்கிற மாதிரி பேசிப் பழகினவர்கள் சினிமாவிலும் பொதுவாகக் கத்துவார்கள். இவர் கத்தாமல் நீட்டினார். நீட்டும்போது நமக்கு நேரம் கிடைக்கிறது. அடுத்த பொய் எங்கிருந்து வரப்போகிறது என்று நாம் யோசிக்கும் அந்த அரை நொடியை அவர் நமக்காக விட்டு வைக்கிறார்.

இதுக்கு ஒரு சாட்சி உண்டு. என் தலைமுறைக்கு முந்தின பல பேருக்கு தங்கவேலு முகத்தைவிடக் காது வழியாகத்தான் பழக்கம். விவித பாரதியில் ஞாயிற்றுக்கிழமை ஒலிச்சித்திரம் கேட்டவர்கள், கடற்கரைப் பக்கம் இலங்கை வானொலி பிடித்தவர்கள். முகமே தெரியாமல் அந்த அசையாத முகம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நாகேஷை ரேடியோவில் கேட்டால் பாதிதான் கிடைக்கும். தங்கவேலு முழுசாக வந்து சேருவார்.

ஒரு விஷயத்தில் ரசிகர்களோடு எனக்கு நேரடியாகவே சண்டை. 'தங்கவேலு காமெடி' என்று சொல்லி எம். சரோஜாவையும் டி.பி. முத்துலட்சுமியையும் ஓரம் கட்டுகிறார்கள். பைரவன் பொய்க்கு உயிர் கொடுப்பது சரோஜாவின் நம்பிக்கை. பாராட்டு விழாவிலிருந்து திரும்பி வந்து அங்கே நடந்ததை அவர் அளக்கும் காட்சியில் தங்கவேலுவைப் பார்க்காமல் ஒருமுறை சரோஜாவை மட்டும் பாருங்கள். ஒவ்வொரு சொல்லையும் வாங்கி வைத்துக்கொள்கிறார். அவர் ஒரு இடத்தில் சந்தேகமாகப் பார்த்திருந்தால் காட்சி அங்கேயே படுத்திருக்கும். படத்துக்குப் பிறகு நிஜத்திலும் தம்பதி ஆனார்கள் என்பது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு. அந்தக் காட்சியில் அவர் செய்த வேலை ஞாபகம் இல்லை.

அறிவாளி (1963) இன்னும் சுவாரஸ்யம். பூரி செய்யச் சொல்லிக் கொடுக்கும் காட்சி. ஒவ்வொரு படிக்கும் முத்துலட்சுமி, "அதான் எனக்குத் தெரியுமே!" சொல்லிக் கொடுப்பவருக்கு ரத்தம் ஏறுகிறது, கற்றுக்கொள்பவருக்கு ஒரு சலனமும் இல்லை. இங்கே கல்லாக நிற்பது யார்? முத்துலட்சுமி. தங்கவேலு தன் ஆயுதத்தை எதிராளியிடம் கொடுத்துவிட்டுத் தான் வெறும் புருஷனாகத் தவிக்கிறார். கொடுக்கத் தெரிந்திருந்தது என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. இந்தக் காட்சிகளில் பெண்டாட்டி என்றால் விவரம் இல்லாதவள் என்கிற எண்ணம் அடியில் ஓடுகிறது, அதையும் சொல்லியாக வேண்டும். 'சுத்தமான காமெடி' சான்றிதழ் கொடுக்கிறவர்கள் இதைப் பார்ப்பதில்லை. ஆனால் அறிவாளியில் அடி விழுவது புருஷனுக்குத்தான்.

வரிசையில் நிறுத்துவதால் வேறொன்றும் மறைந்துபோகிறது. 1955-ல் தமிழிலும் தெலுங்கிலும் ஒரே கதை எடுத்தார்கள். தமிழில் மிஸ்ஸியம்மா. அதில் துப்பறியும் ஆசை பிடித்த இளைஞன் வேடம் தெலுங்கில் நாகேஸ்வர ராவுக்கு, அதாவது அங்கே ஒரு காதல் கதாநாயகருக்கு. தமிழில் தங்கவேலு. ரம்பையின் காதலில் (1956) பானுமதிக்கு ஜோடியே அவர்தான். ஹீரோவுக்குப் பக்கத்தில் நிற்கிற ஆள் என்று மட்டும் யாரும் அன்றைக்கு அவரை நினைத்ததாகத் தெரியவில்லை.

பெயருக்கு முன்னால் ஒரு சொல்லை மாட்டிவிடுவது நம் வழக்கம். சிங்காரி (1951) படத்தில் அடிக்கடி 'டணால்' என்று சொன்னதால் ஆயுசுக்கும் டணால் தங்கவேலு. நான் (1967) படத்தில் 'என்னத்தே' என்று சலித்துக்கொண்டவர் என்னத்தே கண்ணையா. இவரும் முகத்தில் ஒன்றையும் காட்டாத ஜாதி. எண்பதை நெருங்கிய, தாண்டிய வயசில் தொட்டால் பூ மலரும் (2007) படத்தில் வடிவேலுவிடம் "வரும்... ஆனா வராது" என்றார். வடிவேலு குதிக்கிறார், கிழவர் அசையவில்லை. 2012 ஆகஸ்டில் கண்ணையா இறந்தபோது நினைத்தவர்கள் எல்லாரும் நினைத்தது அந்த ஒரு வரியைத்தான். கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு சினிமா, மூணு சொல்லில் முடிந்தது.

இதில் எனக்கு முழுக்க வருத்தம் என்று சொல்ல மாட்டேன். அந்த வரி நடுவில் ஒரு இடைவெளி இருக்கிறது, அதில்தான் கண்ணையா இருக்கிறார். அச்சில் மூன்று புள்ளி வைக்கலாம். கைப்பேசியில் அனுப்புகிறவர்கள் அதையும் எடுத்துவிட்டு, பின்னால் நாலு சிரிக்கிற பொம்மையைப் போட்டு அனுப்புகிறார்கள். பொம்மை சிரித்துவிட்டால் அப்புறம் நமக்கு என்ன வேலை? ஆனால் பேச்சில் அது சேதம் ஆகவில்லை. போன மாசம் செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில், கடைசி மாமல்லபுரம் வண்டி உண்டா என்று ஒரு அம்மா கேட்டார். டீக்கடைக்காரர் பாலை ஆற்றிக்கொண்டே, தலையைத் தூக்காமல், "வரும்" என்றார். ஒரு ஆற்று ஆற்றினார். "ஆனா வராது." அந்த அம்மா அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அதில் ஒன்றும் கிடைக்கவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தார்.