நிழல் விழக்கூடாத இடம்

குழந்தையொன்றின் முகத்தைப் பென்சிலால் வரைய முற்படும் மாணவர், முதலிற் புறக்கோட்டை இட்டு, பின் அதனுள் விரலால் தேய்த்துச் சாம்பல் நிறம் ஏற்றுவதைக் காண்கிறோம். படம் வழவழப்பாகிறது, முகமோ தட்டையாகவே கிடக்கிறது. ஒளி எத்திசையிலிருந்து வருகிறதெனக் கேளாது இடும் நிழல் வெறும் அழுக்கேயாகும்.

ஜேர்மனிய ஓவியர் கேதே கொல்விற்ஸ் (1867–1945) 1923இல் ஆக்கிய 'ஜேர்மனியின் குழந்தைகள் பசித்திருக்கிறார்கள்' என்னும் படத்தை இங்கு நினைத்துக்கொள்கிறோம். அது கல்லச்சுப் படம். எனினும் பசையுள்ள கரிய கோலால் வரைந்த கோடுகளே அதன் உயிர். நாணயம் மதிப்பிழந்து, கூலி கைக்கு வருமுன்னே கரைந்துபோன ஆண்டு அது. வெறுங் கிண்ணங்களை உயர்த்தியபடி சிறுவர்கள் மேல்நோக்கிப் பார்க்கின்றனர். பின்னணி என்று ஒன்றில்லை.

நலமுள்ள குழந்தையின் கன்னத்தில் ஒளி மெல்ல மெல்லவே மங்கி நிழலாகும். எலும்பு வெளித்தெரியாமையால் கூரிய விளிம்பு எங்கும் இராது. நெற்றி பெரிது; கண்கள் முகத்தின் நடுவுக்குச் சற்றுக் கீழே அமையும். கொல்விற்ஸ் அந்த நெற்றியையும் கண்களையும் மாற்றவில்லை. ஆகவே இவர்கள் குழந்தைகள் என்பதில் ஐயமில்லை. ஆனால் கண்குழியிலும் கன்னத்தின் கீழும் முதியவர்க்குரிய நிழல் விழுகிறது. குழந்தை முகத்தில் விழக்கூடாத இடத்தில் விழுந்த அந்நிழலே பசியின் உருவம்.

இது கற்பனையால் மட்டும் வந்ததன்று. அவர் கணவர் பேர்லினின் தொழிலாளர் பகுதியில் மருத்துவர். அவரை நாடி வந்தோரை ஓவியர் நாளும் கண்டார். 1903இல் இறந்த குழந்தையுடன் தாயை வரைந்தபோது, ஏழு வயது மகன் பீற்றரைத் தாமே அணைத்துக் கண்ணாடியிற் பார்த்து வரைந்தார். அம்மகன் 1914இல் போர்க்களத்தில் மாண்டான்.

'இது பிரசாரம், கலையன்று' என்போரை விட்டுவிடுவோம். அவர்கள் படத்தைப் பார்ப்பதேயில்லை. நமக்குக் கவலை தருவது நம்மவர் சிலரின் பேச்சு: 'கருத்து முற்போக்கானது, எனவே படமும் நன்று.' அந்தக் கன்னத்து நிழலை விரலால் தேய்த்து மென்மையாக்கிப் பாருங்கள். தலைப்பு அப்படியே இருக்கும், கிண்ணங்களும் இருக்கும், பசி மட்டும் போய்விடும்.

ஒன்று கூறவேண்டும். மேல்நோக்கிய கண்கள் இரக்கத்தைச் சற்று உரக்கவே கேட்கின்றன. 1924இல் வந்த 'ரொட்டி' என்னும் படத்தையே நாம் மேலாகக் கொள்வோம். அதில் இரு குழந்தைகள் தாயின் ஆடையைப் பற்றி இழுக்கின்றனர். தாய் நமக்கு முதுகு காட்டிக் குனிந்து நிற்கிறாள்.