எர்த் இருக்கா?

எலெக்ட்ரிக் கார் ரிவ்யூ வீடியோக்களுக்கு ஓர் இலக்கணம் உண்டு. முழு சார்ஜ் ஏற்றுவார்கள். ஏசியைப் போட்டுக்கொண்டு நெடுஞ்சாலையில் பேட்டரி தீரும்வரை ஓட்டுவார்கள். கம்பெனி சொன்ன கிலோமீட்டருக்கும் வண்டி உண்மையில் போன கிலோமீட்டருக்கும் உள்ள வித்தியாசம்தான் கதையின் உச்சம். கடைசியில் தீர்ப்பு வரும்: "சிட்டிக்கு ஓகே. கிராமத்துல இருக்கறவங்களுக்கு செட் ஆகாது."

இந்தத் தீர்ப்பு தப்பு என்று நம்பியவன் நான். அந்த நம்பிக்கையில் என் பெரியப்பாவை ஒரு எலெக்ட்ரிக் கார் வாங்கவும் வைத்தேன். இரண்டு வருடம் கழித்து, தீர்ப்பு ஒருவேளை சரியோ என்று சந்தேகம் வந்திருக்கிறது. ஆனால் அவர்கள் சொல்லும் காரணத்துக்காக அல்ல.

பெரியப்பாவின் ஊர் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே. கொஞ்சம் நிலம், ஒரு போர், முன்பு ஒரு பழைய டீசல் கார். அவர் வண்டியை எங்கெல்லாம் எடுக்கிறார் என்று ஒரு பொங்கல் விடுமுறையில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். உரக்கடை, டவுன், கல்யாணம், கருமாதி, பேங்க். சராசரியாக ஒரு நாளைக்கு முப்பது கிலோமீட்டர். எப்போதாவது தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரி. போய்த் திரும்ப நூற்றைம்பது கிலோமீட்டர். அவருக்காகப் பார்த்தது 24 யூனிட் பேட்டரி உள்ள சின்ன கார். விளம்பரத்தில் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல்; ரோட்டில் இருநூறு என்று வைத்துக்கொள்ளலாம். தாராளமாகப் போதும்.

செலவுக் கணக்கும் எளிதுதான். சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்தால் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 0.14 யூனிட். மாதம் தொள்ளாயிரம் கிலோமீட்டர் என்றால், இரண்டு மாத பில்லில் 250 யூனிட் கூடும். வீட்டின் மொத்தக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடும். தாண்டாதவரை கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய்கூட ஆகாது. டீசல் கார் ஆறு ரூபாய் தின்றது.

ரேஞ்ச் என்கிற பயம் யாருடையது என்று அப்போதுதான் யோசித்தேன். என்னுடையது. ஓஎம்ஆரில் ஒரு அபார்ட்மெண்டின் மூன்றாவது மாடியில் இருக்கிறேன். என் பார்க்கிங்கில் ஒரு பிளக் பாயிண்ட் வைக்க அசோசியேஷன் கூட்டம் இரண்டு முறை நடந்தது, இன்னும் முடிவாகவில்லை. வீட்டில் சார்ஜ் போட முடியாதவனுக்குத்தான் வண்டி எத்தனை கிலோமீட்டர் தாங்கும் என்பது உயிர்ப்பிரச்சினை. பெரியப்பாவுக்கு மாட்டுக்கொட்டகையை ஒட்டி சொந்தச் சுவர் இருக்கிறது, சுவரில் 15 ஆம்பியர் பிளக் இருக்கிறது. ராத்திரி சாப்பிட்டுவிட்டுச் செருகினால் விடியும்போது வண்டி தயார். மொபைல் சார்ஜ் போடுகிற மாதிரி.

நகரத்தானின் இந்தப் பயம்தான் அரசாங்கக் காகிதங்களிலும் இருக்கிறது. சார்ஜிங் நிலையங்கள் பற்றி மத்திய மின்துறை 2019-இல் திருத்தி வெளியிட்ட வழிகாட்டுதல், நகரங்களில் 3 கிலோமீட்டருக்கு 3 கிலோமீட்டர் கட்டத்துக்குள் ஒரு நிலையமாவது வேண்டும் என்றது; நெடுஞ்சாலைகளில் 25 கிலோமீட்டருக்கு ஒன்று, இரண்டு பக்கமும். அந்த வரைபடத்தில் இரண்டு வகை இடங்கள்தான். நகரம், நகரத்துக்கும் நகரத்துக்கும் நடுவில் உள்ள சாலை. பெரியப்பாவின் ஊர் இரண்டிலும் இல்லை. ஊருக்கு சார்ஜிங் நிலையம் தேவையும் இல்லைதான். ஆனால் அந்த ஊருக்கு என்ன தேவை என்ற கேள்வியை யாரும் கேட்கவே இல்லை. நானும் கேட்கவில்லை.

வண்டி வந்த முதல் ராத்திரி சார்ஜரைச் செருகினோம். சிவப்பு விளக்கு எரிந்தது. கழற்றி மாட்டினோம். மறுபடி சிவப்பு. அதே பிளக்கில் கிரைண்டர் ஓடுகிறது. பெரியப்பா என்னைப் பார்த்தார், நான் மேனுவலைப் பார்த்தேன். எலெக்ட்ரீஷியன் மறுநாள் வந்து டெஸ்ட் லேம்ப்பை வைத்துப் பார்த்து ஒரே வரியில் சொன்னார்: "எர்த்தே இல்லிங்களே."

மூன்று ஓட்டை பிளக் இருந்தது. மேல் ஓட்டைக்குப் பின்னால் வயர் எங்கும் போகவில்லை. நம் வீடுகளில் இது சாதாரணம். எர்த் இல்லாமலே கிரைண்டர் ஓடும், ஃபிரிட்ஜ் ஓடும், என்றாவது ஷாக் அடிக்கும், செருப்புப் போட்டுக்கொண்டு தொடுவோம். கார் சார்ஜர் அப்படி விடாது. எர்த் இருக்கிறதா என்று தானே சோதித்துவிட்டுத்தான் மின்சாரத்தை எடுக்கும். ரப்பர் டயர் மேல் நிற்கும் இரும்புக்கூடு அது. உள்ளே கசிவு ஏற்பட்டால் மின்சாரம் தரைக்குப் போக வேறு வழியில்லை, தொடுகிற ஆள் வழியாகத்தான் போகும். சார்ஜர் செய்தது சரி. முப்பது வருடமாக அந்த வீடு செய்துவந்ததுதான் தப்பு. குழி தோண்டி, பைப் இறக்கி, கரியும் உப்பும் கொட்டி எர்த் போட்டோம். அன்று ராத்திரி பச்சை எரிந்தது. பெரியப்பா ஒரு கேள்வி கேட்டார்: "அப்ப இத்தன நாளு நாங்க எப்புடிடா உசுரோட இருந்தோம்?"

அடுத்து வோல்டேஜ். 230 இருக்க வேண்டியது சாயங்காலம் ஆறரைக்கு மேல் 180-க்கு இறங்கும். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து நீண்டு வரும் லைனில் கடைசி வீடுகளில் ஒன்று அவருடையது. கம்பி நீள நீள வோல்டேஜ் விழும். எல்லா வீட்டிலும் ஃபேனும் மிக்ஸியும் ஓடும் நேரத்தில் இன்னும் விழும். சார்ஜர் பாதியில் நின்றுவிடும். பத்து மணிக்கு மேல் போட்டால் பிரச்சினை இல்லை என்று ஒரு வாரத்தில் கண்டுபிடித்தார். ஒரு வண்டிக்கு இந்த உபாயம் போதும். அதே லைனில் பத்து வண்டி வந்தால்? கிராமத்தில் எலெக்ட்ரிக் கார் ஓடுமா என்ற கேள்விக்கு முதல் பதில் காரில் இல்லை, அந்த டிரான்ஸ்ஃபார்மரில் இருக்கிறது. ரிவ்யூ எடுப்பவர்கள் யாரும் டிரான்ஸ்ஃபார்மரை ரிவ்யூ பண்ணுவதில்லை.

போர் ஷெட்டில் விவசாயத்துக்கான இலவச மும்முனை இணைப்பு இருக்கிறது. அங்கிருந்து இழுத்துக்கொள்ளலாமே என்று சொல்லாத ஆள் இல்லை. பெரியப்பா கேட்கவில்லை. "அது பயிருக்குக் குடுத்தது. நாளைக்கு எவனாச்சும் போட்டோ புடிச்சா மொத்த ஊருக்கும் மீட்டர் வெப்பான்." அரசியல் கட்டுரைகளில்கூட இவ்வளவு தெளிவை நான் பார்த்ததில்லை.

இங்கே என் முன்முடிவு ஒன்றும் உடைந்தது. கிராமத்து ஆளுக்கு இந்தத் தொழில்நுட்பம் புதிது, நான்தான் சொல்லித்தர வேண்டும் என்று நினைத்திருந்தேன். நாற்பது வருடம் ஐந்து ஹெச்பி மோட்டாரோடு வாழ்ந்தவர் அவர். ஃபேஸ் போனால் சத்தத்தில் தெரியும். காயில் கருகினால் வாசனையில் தெரியும். டவுனில் வைண்டிங் கடை வைத்திருப்பவர் அவருக்குச் சம்பந்தி மாதிரி. மோட்டார், பேட்டரி, வயர் என்று வரும்போது எங்கள் ஆஃபீஸில் உள்ள எல்லோரையும்விட அவருக்குத்தான் அதிகம் தெரியும். எலெக்ட்ரிக் காரைத் தத்தெடுக்க ஏற்ற ஆள் யார் என்று கேட்டால் டெல்டா விவசாயியைத்தான் காட்டுவேன்.

அந்த ஆளை வண்டி எப்படி நடத்தியது என்பதுதான் என் குறை.

ஒரு ஐப்பசி ராத்திரி, மணி ஒன்று. அடுத்த தெருவில் ஒரு குழந்தைக்குக் காய்ச்சலில் வலிப்பு. ஊரில் கார் வைத்திருப்பவர் வீட்டுக் கதவைத்தான் முதலில் தட்டுவார்கள். டீசல் கார் காலத்திலிருந்தே அப்படித்தான். கிராமத்தில் கார் ஒருத்தருடையது இல்லை. பத்திரத்தில் மட்டும்தான் ஒருத்தர் பெயர். பெரியப்பா சட்டை மாட்டிக்கொண்டு போய் வண்டியைத் திறந்தார். திரை இருட்டு. படுக்கப்போகும்போது பேட்டரி தொண்ணூறு சதவீதம் இருந்தது.

செத்துப்போனது பெரிய பேட்டரி இல்லை. ஏறக்குறைய எல்லா எலெக்ட்ரிக் காரிலும் சாதாரணக் கார்களில் இருப்பதுபோல் ஒரு 12 வோல்ட் பேட்டரியும் இருக்கும். அதுதான் கம்ப்யூட்டரை எழுப்பி, பெரிய பேட்டரியை இணைக்கும் சுவிட்சைப் போடுவது. அது படுத்துவிட்டால் 24 யூனிட்டும் சும்மா கிடக்கும். 108 வந்தது, குழந்தை பிழைத்துக்கொண்டது. காலையில் வைண்டிங் கடைக்காரர் டிராக்டர் பேட்டரியைக் கொண்டுவந்து கிளிப் போட்டார். திரை எரிந்தது. ஆனால் ஒரு எச்சரிக்கை போகவில்லை, வண்டி நகரவில்லை. ஹெல்ப்லைனில் "நீங்க எதையும் தொடாதீங்க சார்" என்றார்கள். லாரியில் ஏற்றி இன்னொரு மாவட்டத்தில் உள்ள சர்வீஸ் சென்டருக்கு அனுப்பி, ஆறு நாள் கழித்துத் திரும்பியது. சின்ன பேட்டரியை மாற்றி, லேப்டாப்பை மாட்டி எரர் கோடை அழித்திருக்கிறார்கள். அவ்வளவுதான் வேலை.

கோபப்பட எனக்கு யோக்கியதை குறைவு. நான் எழுதும் சாஃப்ட்வேரிலும் இந்த வரி உண்டு: அனுமதி பெற்ற கருவி வந்து சொன்னால் ஒழிய திறக்காதே. பலமுறை எழுதியிருக்கிறேன், பாதுகாப்பு என்று பெயர் போட்டு. பாதியளவு உண்மையும்கூட, பல நூறு வோல்ட் டிசியை யார் வேண்டுமானாலும் திறக்க விட முடியாது. ஆனால் அன்றைக்கு யாரும் அதைத் திறக்கவில்லை. தெரிந்த ஒரு 12 வோல்ட் பழுதைத் தெரிந்த ஆள் சரிசெய்த பிறகும், சரியாகிவிட்டது என்று ஒப்புக்கொள்ள வண்டிக்கு அனுமதி இல்லை.

பெட்ரோல் காரில் சின்ன ஊர் மெக்கானிக்கும் ஒரு மலிவான ரீடரை ஓபிடி போர்ட்டில் செருகி எஞ்சின் கோளாறைப் படிக்கிறார். கம்பெனிகளின் நல்ல மனசால் வந்ததில்லை அது. புகையைக் கட்டுப்படுத்த வந்த சட்டங்கள் அந்தப் பொதுத்தரத்தைக் கட்டாயமாக்கின. புகையே விடாத வண்டிக்கு அந்தக் கட்டாயம் பொருந்தவில்லை. சுத்தமான வண்டி, அதனாலேயே பூட்டிய வண்டி ஆகிவிட்டது.

இன்னொரு விஷயம். கிராமத்தில் கார் என்றால் பெரும்பாலும் மூன்றாவது கை கார். ஷோரூம் விலையை வைத்து ‘கட்டுப்படியாகுமா’ என்று விவாதிப்பது அங்கே அர்த்தமில்லாதது. பத்து வயது டீசல் காரை வாங்கப்போகிறவர் மெக்கானிக்கைக் கூட்டிப்போவார். அவர் பானெட்டைத் திறந்து, முறுக்கிப் பார்த்து, காதை வைத்தே விலை சொல்லிவிடுவார். பழைய எலெக்ட்ரிக் காரின் மதிப்பு பேட்டரியின் மிச்ச ஆயுளில் இருக்கிறது. அது எந்தக் காதுக்கும் கேட்காது. வழக்கமான எட்டு வருட வாரண்டி முடிந்து அந்த வண்டிகள் கிராமத்துக்கு வரும்போது அந்த எண்ணை யார் காட்டுவார்கள்? ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் ஒரு பேட்டரி சட்டம் போட்டது. 2027 பிப்ரவரி முதல் அங்கே விற்கும் ஒவ்வொரு எலெக்ட்ரிக் கார் பேட்டரிக்கும் டிஜிட்டல் பாஸ்போர்ட் வேண்டும். முடியாத காரியம் இல்லை. சட்டம் கேட்டால் கொடுப்பார்கள்.

என்னிடம் பதில் இல்லாத கேள்வியும் ஒன்று உண்டு. 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் கரையைக் கடந்த பிறகு அந்தப் பக்கம் பல கிராமங்களுக்குக் கரண்ட் வர வாரக்கணக்கில் ஆனது. டீசலைக் கேனில் கொண்டுவர முடிந்தது. பெட்ரோல் இல்லையென்றால் பக்கத்து வீட்டு பைக்கிலிருந்து உறிஞ்சி ஊற்றிக்கொள்ளலாம். கரண்ட்டைக் கடன் வாங்க முடியாது. இன்னொரு கஜா வந்தால் என்ன செய்வதென்று பெரியப்பா கேட்டபோது சோலார் என்று ஆரம்பித்தேன். கூரையே பறந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு அதைச் சொல்கிறேன் என்று பாதி வாக்கியத்தில் உறைத்தது.

வண்டியை அவர் விற்கவில்லை. செலவுக் கணக்கு இன்னும் அவர் பக்கம்தான். ஆனால் அந்த ராத்திரிக்குப் பிறகு அடுத்த தெருக்காரர்கள் நேராக 108-க்குத்தான் போன் போடுகிறார்கள். அதைப் பற்றி அவர் என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. பெரியம்மாதான் சொன்னார்.

போன மாதம் அவருடைய பங்காளி ஒருவர் எலெக்ட்ரிக் கார் வாங்கலாமா என்று கேட்க வந்திருந்தார். நான் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு தூரம் ஓடும் என்று அவர் ஆரம்பிக்க, பெரியப்பா கையமர்த்தினார்.

"அதெல்லாம் ஓடும்யா. மொதல்ல இதச் சொல்லு. வூட்ல எர்த் இருக்கா?"

அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த கேள்வி வந்தது.

"அந்த லேப்டாப்பு வெச்சிருக்கவன் எவனாச்சும் ஒனக்குத் தெரியுமா?"

சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பிப் பார்த்தார்.