மூடியைக் கழற்றினால் தெரியும் அழகு

பழைய டெக்ட்ரானிக்ஸ் ஆசிலோஸ்கோப்பை முகப்பை மட்டும் பார்த்து ரசிப்பவர்கள் பாதியைத்தான் பார்க்கிறார்கள். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 1950களில் உருவான 545 மாதிரியின் பக்க மூடியைக் கழற்றிப் பாருங்கள். வரிசை வரிசையாக வெள்ளைப் பீங்கான் பட்டைகள். அவற்றின் பள்ளங்களில் பாவுநூல் போலச் சீராகப் படுத்திருக்கும் ரெசிஸ்டர்கள், கெப்பாசிட்டர்கள். அத்தனையும் கையால் சால்டர் வைத்தவை.

உள்ளே ஓர் ஓரமாகச் சின்னச் சால்டர் சுருள் ஒன்று மாட்டியிருக்கும். தொழிற்சாலையே வைத்து அனுப்பியது அது. பீங்கான் பள்ளங்களுக்குள் வெள்ளிப் பூச்சு உண்டு. சாதாரணச் சால்டரைத் திரும்பத் திரும்ப வைத்தால் அந்த வெள்ளி கரைந்து போய்விடும், பிறகு எதுவும் ஒட்டாது. அதனால்தான் கொஞ்சம் வெள்ளி கலந்த சால்டர். என்றோ ஒருநாள் யாரோ பழுது பார்க்கத் திறப்பார் என்று எண்ணி, அவருக்கு வேண்டியதையும் உள்ளேயே வைத்திருக்கிறார்கள். ஹோவர்ட் வோலமும் ஜாக் மர்டாக்கும் 1946இல் வேறு இருவருடன் தொடங்கிய அந்த நிறுவனத்தின் மேல் மரியாதை வர எனக்கு இந்தச் சுருள் ஒன்றே போதும்.

இந்த ஆசிலோஸ்கோப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவலாம் என்றால் பலர் நம்புவதில்லை. நிறுவனத்தின் சர்வீஸ் மையங்களிலேயே சோப்புக் கரைசலைப் பீய்ச்சி, அலசி, மிதமான சூட்டில் நெடுநேரம் உலர்த்தினார்கள். சூட்சுமமெல்லாம் உலர்த்துவதில்தான். டிரான்ஸ்ஃபார்மருக்குள் ஈரம் தங்கினால் கழுவியதே வினையாகிவிடும். உலர்த்தத் தக்க வசதி இல்லாதவர்களுக்கு மெல்லிய பெயின்ட் பிரஷ்ஷும் வேக்குவம் கிளீனரும்தான் சரி. பிக்சர் டியூபுக்குப் போகும் மின்னழுத்தம் 10,000 வோல்ட் வரும். அந்தப் பகுதி தூசியை இழுத்துக்கொண்டே இருக்கும். மழைக்கால ஈரமும் சேர்ந்தால் தூசிப் படலமே மின்கசிவுக்குப் பாதையாகிவிடும். பிளக்கைப் பிடுங்கி, தேங்கிய மின்னூட்டத்தை முறையாக இறக்கிய பிறகே அங்கே கை வைக்க வேண்டும்.

கைத்திறன் தெரிவது ஸ்விட்சைச் சுத்தம் செய்வதில்தான். கான்டாக்ட் கிளீனரைக் குழாய்த் தண்ணீர் மாதிரி அடிப்பவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். சுழல் ஸ்விட்சின் தட்டு அதை உறிஞ்சிக்கொண்டு பிறகு கசிவைக் கிளப்பும். குச்சி நுனியில் ஒரு சொட்டு, உலோகம் உரசும் இடத்தில் மட்டும்; அவ்வளவே. 1972இல் வந்த 465 மாதிரியில் வேறு ஏற்பாடு: போர்டின் தங்கப் பூச்சின் மேல் மெல்லிய உலோக விரல்கள் வந்து அமரும். தடித்த காகிதத்தைக் கீற்றாக வெட்டி, ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் நனைத்து, விரலுக்கு அடியில் விட்டு மெதுவாக இழுக்க வேண்டும். கீற்றில் சாம்பல் கோடு விழும். அடுத்த கீற்றில் கோடு மங்கும். கோடு விழாதபோது நிறுத்திவிட வேண்டும். உப்புத்தாளை எடுத்தீர்களோ, தங்கம் போயிற்று. பஞ்சும் வேண்டாம், அதன் இழை விரலில் மாட்டி வளைத்துவிடும்.

சுத்தம் செய்த 545க்கு மின்சாரம் கொடுத்தால் திரையில் உடனே கோடு வராது. வால்வுகள் சூடேற அவகாசம் விட்டு, அரை நிமிடம் போல் கழித்து, உள்ளே ரிலே ‘டக்’கென்று விழும். பிறகு முகப்பிலேயே இருக்கும் கேலிபிரேட்டரின் சதுர அலையைப் புரோப் வழியே உள்ளே கொடுத்துப் பாருங்கள். மூலைகள் மழுங்கியிருந்தால் முதலில் புரோபின் திருகைத் திருப்புங்கள். அதைத் தொடாமலே ஆம்ப்ளிஃபையரைக் குறை சொல்பவர்கள்தான் அதிகம்.